மூன்று ஹோஸ் கையில், ஏழு நிப்பிள் திறந்தபடி: டர்போ இன்ஜினில் வாக்யூம் வழியைப் பிடிப்பது எப்படி

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில் அவர் வீட்டு டீசல் வண்டி தெருத் தண்ணீரில் நின்றிருக்கிறது. மறுநாள் அவசரத்தில் ஸ்டார்ட் செய்ததில் இன்ஜின் தண்ணீரை இழுத்து, ஒரு கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வண்டி பல மாதம் அப்படியே கிடந்தது. பிறகு மாமாவும் அவருமாக வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, ராடு மாற்றி, ஹெட், மேனிஃபோல்டு, டர்போ (புகை வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது) எல்லாம் ஏற்றிவிட்டார்கள். இப்போது மெல்லிய ஹோஸ் மூன்று மீதி இருக்கிறது, ஏழு நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய் முனை) திறந்து கிடக்கிறது. பிரிக்கும்போது படம் எடுத்து வைக்கவில்லை. "எட்டுகிற இடத்தில் மாட்டிவிட்டு, மிச்சம் நிற்கும் ஒரு நிப்பிளை ஸ்க்ரூ போட்டு அடைத்துவிடலாமா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த ஸ்க்ரூவைத் தள்ளி வையுங்கள். ஏழாவது நிப்பிள் பெரும்பாலும் திறந்தே இருக்க வேண்டியது. அதை அடைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் கருப்புப் புகை கக்கிக்கொண்டு இழுவையே இல்லாமல் ஓடும். நீங்களும் இன்ஜின் வேலையில்தான் தப்பு என்று நினைத்து ஹெட்டை மறுபடி இறக்கப் போவீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலைதான் செய்கிறேன். என்னிடம் வரும் "டர்போ போயிடுச்சு" வண்டிகளில் பலவற்றுக்கு டர்போ போனதே இல்லை. இந்தப் பென்சில் தடிமன் ரப்பர் ஹோஸ்தான் இடம் மாறியிருக்கும், அல்லது விண்டிருக்கும்.

எட்டுகிறது என்பது ஒரு அத்தாட்சியே இல்லை. ஒரே அளவு நிப்பிள் பத்து இடத்தில் இருக்கும், ஒரே ஹோஸ் பத்திலும் சரியாக உட்காரும். அதனால் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடாதீர்கள். காற்றைப் பின்தொடருங்கள். வாக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, எங்கே பிறக்கிறது, யார் அதைத் திறந்து மூடுகிறார், எங்கே போய் வேலை செய்கிறது? வெளிக்காற்று எடுக்கும் ஹோஸைத் தவிர, எந்த ஹோஸாக இருந்தாலும் இந்த மூன்றில் இரண்டைத்தான் இணைக்கும்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப்போல மேனிஃபோல்டில் (காற்று இன்ஜினுக்குள் போகும் குழாய்த் தொகுப்பு) தானாக வாக்யூம் உண்டாகாது. அதற்கென்று தனியாக ஒரு வாக்யூம் பம்ப் இருக்கும். பல வண்டிகளில் அது கேம்ஷாஃப்டின் கடைசியில், ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும். சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில். அதுதான் பிறக்கும் இடம். அங்கிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு ஹோஸ், பெடல் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. இதில் குழப்பம் வராது, வேறு எங்கும் அது பொருந்தாது. அந்தப் பெரிய ஹோஸிலிருந்தோ பம்பிலிருந்தோ ஒரு சின்னக் கிளை பிரியும். நீங்கள் எழுதியிருக்கும் 'டி' (மூன்று வாய் உள்ள இணைப்பு) அந்தக் கிளையில்தான் இருக்கிறது. டி-யின் ஒரு கால் ஏற்கெனவே ஒரு சோலினாய்டுக்கு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) போகிறது, இன்னொரு கால் சும்மா இருக்கிறது என்கிறீர்கள். சரி, அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) இரண்டு சோலினாய்டு வால்வு இருக்கிறது. ஒன்று டர்போவுக்கு, மற்றது இஜிஆருக்கு (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு). ஒவ்வொன்றிலும் மூன்று நிப்பிள். ஒன்றில் வாக்யூம் உள்ளே வரும், ஒன்று ஆக்சுவேட்டருக்கு (வாக்யூம் இழுப்பில் ராடை நகர்த்தும் பாகம்) போகும், மூன்றாவது வெளிக்காற்று. பல வால்வுகளின் பிளாஸ்டிக் உடம்பிலேயே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் 'வாக்', 'அவுட்', 'ஏடிஎம்' என்று பொறித்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும், நேராக அடித்தால் தெரியாது. எழுத்து அழிந்திருந்தால் வாயால் ஊதியே கண்டுபிடிக்கலாம். கரண்ட் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சுத்தமான ஹோஸ் துண்டு மாட்டி ஊதுங்கள். கரண்ட் இல்லாத நிலையில் 'அவுட்'டும் 'ஏடிஎம்'மும் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும், 'வாக்' மட்டும் மூடியிருக்கும். எந்த நிப்பிளில் ஊதினால் காற்று போகவே இல்லையோ, அங்கேதான் பம்பிலிருந்து வரும் ஹோஸ்.

இஜிஆர் சோலினாய்டில் வாக்யூம் வந்துவிட்டது, இஜிஆர் வால்வுக்கும் போய்விட்டது என்கிறீர்கள். அதில் மீதி ஒன்று, ஸ்பான்ஜ் மூடி போட்ட நிப்பிள். டர்போ சோலினாய்டில் மூன்றுமே காலி. டர்போ ஆக்சுவேட்டரில் ஒன்று, ஏர் ஃபில்டர் பெட்டியில் சின்னதாக ஒன்று, டி-யில் ஒன்று. கூட்டினால் ஏழு வருகிறது.

மூன்று ஹோஸுக்கு ஆறு முனைதான். ஏழு நிப்பிள் என்றால் ஒன்று எந்த ஹோஸுக்கும் உரியது இல்லை. இப்படி எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு என் குருநாதர் கொடுத்தது. திறந்த வாய்களை எண்ணு, ஹோஸ் முனைகளை எண்ணு, இரண்டும் ஒத்துவராவிட்டால் மாட்டத் தொடங்காதே என்பார். இங்கே ஒத்துவராத அந்த ஒன்று எது? ஸ்பான்ஜ் மூடி போட்டதுதான். ஹோஸ் வர வேண்டிய நிப்பிளுக்கு யாரும் ஸ்பான்ஜ் போட மாட்டார்கள். அது இஜிஆர் சோலினாய்டு மூச்சு விடும் வழி. உங்கள் டர்போ சோலினாய்டுக்கோ அதே வேலையை ஏர் ஃபில்டர் பெட்டியின் சின்ன நிப்பிள் செய்கிறது, வடிகட்டிய காற்று வேண்டும் என்பதற்காக.

ஆக, டி-யின் காலி முனையிலிருந்து டர்போ சோலினாய்டின் 'வாக்' நிப்பிளுக்கு ஒன்று. 'அவுட்'டிலிருந்து டர்போ ஆக்சுவேட்டருக்கு ஒன்று. 'ஏடிஎம்'மிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஒன்று. நீங்கள் மாடலை எழுதவில்லை, அதனால் நீங்கள் விவரித்ததை வைத்துச் சொல்கிறேன். ஊதிப் பார்த்த முடிவும் இதோடு ஒத்துப்போனால் அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

மூன்று ஹோஸில் எது எது என்பதை ஹோஸே சொல்லும். நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் மூன்றையும் வரிசையாக வையுங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு முனையிலும் விட்டுச் சுற்றி எடுங்கள். பம்ப் பக்கத்து ஹோஸில் பஞ்சு மெல்லிய எண்ணெய்ப் பசையோடு வரும், ஏனென்றால் வாக்யூம் பம்ப் இன்ஜின் ஆயிலில் ஓடுகிறது. ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸில் காய்ந்த தூசு வரும். மூன்றாவது உள்ளே சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு முனை மட்டும் விறைத்துப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்கும். பல வருடம் டர்போ சூட்டில் வெந்த முனை அது. ஆக்சுவேட்டருக்குப் போவது அந்த ஹோஸ், அந்த முனை. தண்ணீரில் மூழ்கிய வண்டி என்பதால் உங்களுக்குச் சேற்றுக் கறையும் கலந்து வரலாம், அப்போதும் விறைத்த முனை ஏமாற்றாது.

நிப்பிளையும் பாருங்கள். ஹோஸ் உட்கார்ந்திருந்த இடம் வரை அரை அங்குலம் பளிச்சென்று இருக்கும், அதற்குப் பிறகு அழுக்குக் கோடு. நம் ஊர் உப்புக் காற்றில் உலோக நிப்பிளாக இருந்தால் மூடாத பகுதி பூத்துப்போயிருக்கும். தேவனாம்பட்டினம் பக்கத்து வண்டிகளில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு நிப்பிள் நுனி வரை பூத்திருக்கிறதா? அதில் ஹோஸ் இருந்ததே இல்லை என்று பொருள். நிப்பிளில் பளிச்சென்று இருக்கும் நீளமும் ஹோஸ் முனையில் அகன்று நிற்கும் நீளமும் ஒத்துப்போனால் இரண்டும் ஜோடி.

இனி, ஏன் அந்த வெளிக்காற்று வழியை அடைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இஜிஆர் வால்வை வாக்யூம் இழுத்துத் திறக்கிறது. மூட வேண்டும் என்றால் உள்ளே சிக்கிய வாக்யூம் கரைய வேண்டும், அதற்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வழியை அடைத்தால் ஒருமுறை திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். எரிந்த புகையே மறுபடி இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கும். காற்று குறைந்து, டீசல் சரியாக எரியாமல் கருப்பாக வரும். டர்போ பக்கம் இதே தப்பு நடந்தால் இன்னும் மோசம். உங்களுடையதைப் போன்ற விஜிடி டர்போவில் (உள்ளே இறக்கைகள் அசைந்து மாறும் வகை) வாக்யூம் இழுத்தால் உள்ளே இருக்கும் இறக்கைகள் நெருங்கி பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும். வாக்யூம் போனால் இறக்கைகள் விரிந்து பூஸ்ட் இறங்கும். ஹோஸ் கழன்றாலும் இன்ஜின் சேதமாகக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் அப்படி அமைத்திருக்கிறார்கள். வாக்யூம் உள்ளே சிக்கிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பூஸ்ட் அளவு மீறும், கம்ப்யூட்டர் வண்டியை லிம்ப் மோடில் (இழுவையைக் குறைத்து ஓட்டும் பாதுகாப்பு நிலை) போடும்.

உங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. தெருத் தண்ணீரில் நின்ற வண்டி இது. அந்த ஸ்பான்ஜ் மூடிக்குள் வண்டல் புகுந்து காய்ந்திருந்தால், யாரும் ஸ்க்ரூ போடாமலே அது அடைபட்டுத்தான் இருக்கும். கழற்றிப் பாருங்கள். களிமண் நிறத்தில் கட்டியாக இருந்தால் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், பொடிந்தால் புதிது வாங்குங்கள். எல்லா ஹோஸையும் இரண்டு பக்கமும் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தீர்களா? இல்லையென்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கட்டாயம் செய்யுங்கள். அதன் அடியில் தங்கிய தண்ணீரே புதிய ராடை வளைக்கப் போதும்.

'வாக்'கும் 'அவுட்'டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பதுண்டு. டர்போ வேலை செய்யாது என்பதோடு அது முடிந்துவிடாது. கரண்ட் இல்லாதபோது 'அவுட்' வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது என்றேன் அல்லவா? பம்ப் ஹோஸை அங்கே மாட்டினால் பம்ப் வெளிக்காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். அதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும். பெடல் கனத்துவிடும். மெல்லிய ஹோஸ் தப்பு பிரேக்கில் வந்து நிற்கும் வழி இது.

பிரேக் என்றதும் என் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். வேலை கற்ற புதிதில், பூஸ்டர் ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டிவிட்டேன். வெளியே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது, அம்புக்குறியை நான் துடைத்துப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கேப்பர் மலைக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பெடல் கல்லாக நின்றது. கியரைக் குறைத்து, இரண்டு காலாலும் மிதித்து, சரிவு முடிகிற இடத்தில் நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பெடலைப் பார்க்காமல் எந்த வண்டியையும் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. அந்த வால்வு பூஸ்டரிலிருந்து பம்ப் பக்கமாகக் காற்றை விட வேண்டும், திரும்ப விடக் கூடாது. பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் போக வேண்டும், எதிர்ப்பக்கம் ஊதினால் நிற்க வேண்டும்.

பெடல் சோதனை எளிது. இன்ஜின் நின்ற நிலையில் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகிவிடும். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆக்சுவேட்டரையும் பார்த்துவிடலாம். கையால் இழுக்கும் வாக்யூம் பம்ப் ஒன்று, மீட்டரோடு, யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஆக்சுவேட்டர் நிப்பிளில் மாட்டி மீட்டரில் 500 மில்லிமீட்டர் பாதரசம் வரை இழுங்கள். அதன் ராடு அரை அங்குலம்போலத் தடையில்லாமல் நகர வேண்டும், ஒரு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நின்றும் ராடு நகரவில்லை என்றால் டர்போ இறக்கைகள் கரியிலோ துருவிலோ பிடித்திருக்கின்றன. மாதக்கணக்கில் ஈரத்தோடு நின்ற வண்டியில் அதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. இந்த இரண்டில் எதையும் ஹோஸை மாற்றி மாற்றி மாட்டிச் சரிசெய்ய முடியாது.

ஸ்டார்ட் ஆனதும் அதே மீட்டரை டி-யில் வைத்துப் பாருங்கள். நம்முடையது கடல் மட்டத்து ஊர், காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். நல்ல பம்ப் 650-க்கு மேல் காட்டும். ஊட்டி போன்ற உயரத்தில் காற்றே ஏறக்குறைய 580-தான், அங்கே எவ்வளவு நல்ல பம்பும் அதைத் தாண்டாது. மலையில் எடுத்த அளவை வைத்து யாராவது "இவ்வளவுதான் காட்டும்" என்று சொன்னால் இங்கே பொருந்தாது. இங்கே 500-ல் நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. டீசலில் வாக்யூம் கசிந்தாலும் ஐட்லிங் மாறாது, சத்தமும் கேட்காது. அதனால்தான் மீட்டர் இல்லாமல் இதைப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான விஜிடி டீசல்களில் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆக்சுவேட்டர் ராடு இழுத்தபடி நிற்கும். ஒருவர் ராடைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டர்போ சோலினாய்டின் கனெக்டரை உருவ வேண்டும். ராடு சட்டென்று விட வேண்டும். மெதுவாகத் தயங்கித் தயங்கி வந்தால் வெளிக்காற்று வழி பாதி அடைத்திருக்கிறது. வரவே இல்லை என்றால் முழுதாக அடைத்திருக்கிறது, அல்லது ஹோஸ் இடம் மாறியிருக்கிறது. கனெக்டரை உருவியதால் செக் லைட் எரியும், பயப்பட வேண்டாம், ஸ்கேனரில் அழித்துவிடலாம்.

பழைய ஹோஸை மறுபடி மாட்டலாமா என்றால், விறைத்த முனை உள்ளதை நான் மாட்ட மாட்டேன். முனையை மட்டும் வெட்டிவிட்டு மாட்டினால் நீளம் குறைந்து, இன்ஜின் ஆடும்போது இழுபட்டுக் கழன்றுவிடும். 3.5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் சுவர் தடித்த வாக்யூம் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டி டியூப், பைக் பெட்ரோல் டியூப் எல்லாம் பார்ப்பதற்குப் பொருந்தும். சூடு ஏறியதும் இளகி, வாக்யூமில் சப்பிப்போகும். நின்ற வண்டியில் எல்லாம் சரியாக இருக்கும், பத்து கிலோமீட்டர் ஓடியதும் இழுவை போகும். பளபளப்பான சிலிக்கான் ஹோஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் எண்ணெய்ப் பசைக்கு ஆகாது, பம்ப் பக்கத்தில் அதைப் போடாதீர்கள். கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று முழு நீளமும் விரலால் உருட்டிப் பாருங்கள். வளைத்தால்தான் பல் பட்ட இடம் வாய் திறக்கும்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் பெரிய ஹோஸ்கள் வேறு சாதி. அவற்றுக்குள் அழுத்தம். வாக்யூம் ஹோஸ் நிப்பிளைக் கவ்விக்கொள்ளும், பூஸ்ட் ஹோஸ் நிப்பிளிலிருந்து தள்ளிக்கொண்டு கழலப் பார்க்கும். அதனால் அங்கே கிளாம்ப் கட்டாயம், மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் எண்ணெயைத் துடைப்பதும் கட்டாயம். சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டியது அங்கேதான். வாக்யூம் ஹோஸில் நுரை தடவினால் உள்ளேதான் இழுக்கும்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. உங்கள் மேனிஃபோல்டில் ஐட்லிங்கில் வாக்யூம், மிதித்தால் அழுத்தம், ஒரே நிப்பிளில் இரண்டும் மாறி மாறி வரும். அதனால்தான் பிரேக் பூஸ்டர், கிராங்க்கேஸ் புகை, பெட்ரோல் ஆவி போகும் ஹோஸ்களில் ஒருவழி வால்வு இருக்கும். ஒன்று திரும்பினாலும் பூஸ்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். வேஸ்ட்கேட் டர்போவில் (மிஞ்சிய புகையைத் தனி வழியில் விட்டு பூஸ்டை அடக்கும் வகை) இன்னொரு வேறுபாடும் உண்டு. அழுத்தம் தள்ளித் திறக்கும் வகையில் ஹோஸ் கழன்றால் பூஸ்ட் குறையாது, ஏறும். மேலே தம்பியின் விஜிடிக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

தம்பி, எல்லாம் மாட்டி, மீட்டரும் பெடலும் சரியென்றால் கோரிமேடு ஏற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வில்லியனூர் சமதரையில் டர்போவுக்குச் சுமை ஏறாது. மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து நிதானமாக அழுத்துங்கள், புது ராடு போட்ட இன்ஜின் என்பதால் முழுதாக மிதிக்க வேண்டாம். இழுவை சீராக ஏறினால் சரி. செக் லைட் எரிந்தால் ஸ்கேனரில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, 'அவுட்' ஹோஸையும் இன்டர்கூலர் கிளாம்பையும் பாருங்கள். பி0234 என்றால் பூஸ்ட் அதிகம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் ஹோஸ் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பி0401, பி0402 இரண்டும் இஜிஆர். அப்போது அந்த ஸ்பான்ஜ் மூடியை இன்னொரு முறை கழற்றிக் காட்டுங்கள்.